பேசும் புத்தகம் செய்ய எந்த மென்பொருள்? ஊத்தான் மெலிந்தாங் தங்கச்சிக்கு ஒரு பதில்

மலேசியா, பேராக்கிலுள்ள ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அவர்கள் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்து ஓய்ந்தவர்களில் இனிப்பு நீர் வியாதியால் பார்வை போனவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். நான்காம் படிவத்தில் படிக்கும், பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு பெண்ணும் இருக்கிறாள். இவர்களுக்காகக் கோயில் மண்டபத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து புத்தகம் வாசித்து, கைப்பேசியில் பதிவு செய்து, விரலியில் (பென் டிரைவில்) போட்டுக் கொடுக்கிறார்கள். பெரியவர்களோ, "எங்கே விட்டேன்னு தெரியலையேம்மா" என்று குறைப்படுகிறார்களாம். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை. திறந்த மூல மென்பொருளில் எது சரி, எங்கிருந்து தொடங்குவது, இயந்திரக் குரலே போதாதா? இவைதான் அவர் கேள்விகள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு ஓபி, வாசிக்கும் குரலைத் தலைப்புகளோடு புத்தகமாக்குவது. அந்தப் பெண்ணுக்கு டோபி, குரலோடு எழுத்தையும் சேர்ப்பது. இரண்டும், டெய்சி என்ற பேசும் புத்தக வடிவத்தை வளர்க்கும் டெய்சி கூட்டமைப்பு இலவசமாகக் கொடுப்பவை, மூலநிரல் திறந்தவை, விண்டோஸில் ஓடுபவை. டோபி என்றதும் சலவைக்கடை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. எங்கள் குழுவில் அந்தச் சிரிப்பு அடங்கவே ஒரு வாரம் ஆனது. மற்ற மென்பொருள்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் துணை. ஏன் இரண்டு, ஒன்றே எல்லாருக்கும் ஏன் போதாது என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுங்கை சிப்புட்டில் நான் முதலில் செய்த ஒலிநூல் ஓய்வுபெற்ற ஒரு கிராணிக்கு, அதாவது தோட்டத்துக் கணக்கருக்கு. பால்மரக் காலத்திலிருந்து செம்பனைக் காலம் வரை பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், பேர் கூப்பிட்டவர். கணக்குப் புத்தகத்தை மூடிய நாலைந்து வருடத்தில் கண்ணும் மூடிக்கொண்டது. ஒரு பெரிய நாவலை இரண்டு மாதம் வாசித்து, 11 மணி நேரத்தையும் ஒரே எம்பி3 கோப்பாகச் சேர்த்து, பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், "கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் நாலாவது அத்தியாயத்தையே தாண்டல" என்றார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கேட்க உட்காருவார். கண் அசந்துவிடும். விழிக்கும்போது குரல் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் போகும் பொத்தானை அழுத்திப் பிடித்துக் குத்துமதிப்பாக விட்டால் ஒன்று அதிகம் போகும், இல்லை போதாது. அலுத்துப்போய் மறுபடி முதலிலிருந்து. அவருக்கு முதல் மூன்று அத்தியாயமும் வரி மாறாமல் மனப்பாடம்.

உங்கள் பெரியவர்கள் சொல்வதும் இதே குறைதான். கண் தெரிந்தவர் புத்தகத்தில் விரலை வைத்துக்கொள்வார், மூலையை மடித்து வைப்பார், பொருளடக்கம் பார்த்துப் புரட்டுவார். நாம் குரலை மட்டும் கொடுத்துவிட்டு இவை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறோம். அதனால் எந்த மென்பொருள் நல்லது என்று பார்க்கும்போது ஒலி எவ்வளவு துல்லியம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். கேட்பவர் நினைத்த இடத்துக்குப் போக முடிகிறதா என்பதுதான் முதல்.

டெய்சி பிறந்ததே இதற்காகத்தான். சுவீடனில் பார்வையற்றோருக்கான பேசும் நூல்களின் தேசிய நூலகம், ஒலிநாடாவில் புத்தகம் கேட்பவர்கள் படும் பாட்டைப் பார்த்துத் தொடங்கிய வேலை. 1996இல் பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து கூட்டமைப்பு ஆயின. இன்றும் பேசும் புத்தகக் கருவிகளில் அதிகம் புழங்கும் டெய்சி 2.02 வடிவம் 2001இல் வந்தது. உள்ளே ஒன்றும் மாயமில்லை. ஒரு கோப்புறைக்குள் எம்பி3 கோப்புகள் இருக்கும். என்.சி.சி. என்று ஒரு கோப்பு இருக்கும். அதுதான் பொருளடக்கம், தலைப்புகளும் பக்க எண்களும் அதில் வரிசையாக நிற்கும். பிறகு ஸ்மைல் என்று சின்னச் சின்னக் கோப்புகள். 'இந்தத் துண்டு மூன்றாம் ஒலிக்கோப்பில் 12.4ஆம் விநாடியில் தொடங்கி 17.9இல் முடிகிறது' என்பது போன்ற குறிப்புகள் மட்டும்தான் அவற்றில் இருக்கும். கருவி பொருளடக்கத்தைப் பார்த்து, ஸ்மைலைக் கேட்டு, ஒலியின் சரியான விநாடிக்குத் தாவும். விட்ட இடத்தையும் அது தானே நினைவில் வைத்துக்கொள்ளும்.

தலைப்புகளை ஆறு நிலை வரை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். இதன் அருமை திருக்குறளில் நன்றாகத் தெரியும். பால் முதல் நிலை, இயல் இரண்டாம் நிலை, அதிகாரம் மூன்றாம் நிலை, ஒவ்வொரு குறளும் நான்காம் நிலை. விக்டர் ரீடர் போன்ற கருவிகளில் தொலைபேசி மாதிரி எண் பொத்தான்கள் இருக்கும். 2, 8 பொத்தான்கள் நிலையை மாற்றும். 4 முந்தையதற்கும் 6 அடுத்ததற்கும் போகும். புத்தகத்தின் தொடக்கத்தில் இருப்பவர் நாற்பதாம் அதிகாரமான கல்விக்குப் போக வேண்டும். முதல் நிலையில் ஒரு தாவல், பொருட்பால் வந்துவிடும். இரண்டாம் நிலையில் ஒரு தாவல், அரசியல். மூன்றாம் நிலையில் இரண்டு தாவல், இறைமாட்சியைத் தாண்டிக் கல்வி. ஆக நான்கே தாவல். இதையே அதிகாரத்துக்கு ஒரு எம்பி3 என்று 133 கோப்பாகக் கொடுத்திருந்தால் 39 தடவை தட்ட வேண்டும், நடுவில் எண்ணிக்கை தவறாமல்.

சரி, ஓபிக்கு வருவோம். அதைத் திறந்து புதுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினால் நூல் பெயர் கேட்கும். உடனே மைக்கைப் பிடிக்காதீர்கள். முதலில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாத் தலைப்புகளையும் அதனதன் நிலையோடு தட்டச்சு செய்துவிடுங்கள். முன்னுரை, பாகம், அத்தியாயம், பின்னட்டை வாசகம்கூட. எலும்புக்கூடு முதலில், சதை பிறகு. எங்கள் குழுவில் வாசித்துவிட்டு அப்புறம் தலைப்பு போடலாம் என்று விட்ட நூல்கள் இரண்டு இன்னும் அப்படியே கிடக்கின்றன; முடிந்த பதிவில் தலைப்பு தேடி உட்கார யாருக்கும் பொறுமை இல்லை. நூலின் மொழி தமிழ் என்பதையும் விவரப் பகுதியில் மறக்காமல் குறியுங்கள். சில கருவிகள் தலைப்பைத் தம் சொந்தக் குரலில் படிக்கும். மொழி ஆங்கிலம் என்று விட்டால் அங்கே தமிழ் தலைகீழாகிவிடும்.

பிறகு பதிவு. இடப்பக்கம் தலைப்புகள், வலப்பக்கம் உங்கள் குரல் சின்னச் சின்னக் கட்டங்களாக விழுந்துகொண்டே போகும். ஒவ்வொரு கட்டமும் ஒரு சொற்றொடர். பதிவு ஓடும்போதே ஒரு விசையைத் தட்டினால் அந்த இடத்தில் பக்க எண் விழும். இன்னொரு விசை அடுத்த தலைப்புக்குத் தள்ளிவிடும். வாசிப்பவர் பக்கம் புரட்டும் அதே நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் விசையைத் தட்டினால் போதும், இருவர் வேலை ஒன்றாகிவிடும். ஒரு சொல்லின் உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் நிறுத்த வேண்டாம். அந்தக் கட்டத்துக்கு 'செய்ய வேண்டியது' என்று ஒரு குறி போட்டுவிட்டு மேலே போகலாம், முடிந்ததும் குறி போட்ட இடங்களுக்கு மட்டும் போய்த் திருத்தலாம். பிடிக்காத கட்டத்தை அழிக்காமல் 'பயன்படாதது' என்று ஒதுக்கியும் வைக்கலாம். எனக்கு இது பெரிய நிம்மதி; அழித்துவிட்டுத் தலையில் கை வைத்த நாட்கள் உண்டு.

நீங்கள் ஏற்கெனவே கைப்பேசியில் பதிவு செய்தவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். அவற்றையும் ஓபிக்குள் இறக்கலாம். மௌனம் வரும் இடங்களைப் பார்த்து ஓபி தானே அதைச் சொற்றொடர்களாக வெட்டிக் கொடுக்கும். ஆனால் எது மௌனம் என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். அதற்காகப் பேச்சில்லாத ஒரு கட்டத்தைத் தேர்ந்து 'மௌனம்' என்று குறிப்போம். அதை அளவுகோலாக வைத்து அது வேலை செய்யும். இங்கேதான் நம் ஊர் வந்து நிற்கும்.

எங்கள் வீடு தகரக்கூரை. மத்தியான மழை பிடித்தால் என் குரல் எனக்கே கேட்காது. பின்னால் ரயில் பாதை. எதிர்ச் சடக்கில் மோட்டார் சைக்கிள் குழாயைத் திருத்தி வைத்திருக்கும் ஒரு பையன். ஒரு நாள் லேசான தூறலில்தானே என்று ஒரு அத்தியாயத்தைப் பதிவு செய்தேன். காதுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஓபியில் வெட்டச் சொன்னால் 40 நிமிடமும் ஒரே கட்டமாக நின்றது. நான் மௌனம் என்று குறித்தது விசிறியை நிறுத்திவைத்த ஒரு விநாடி. அத்தியாயத்தில் அவ்வளவு அமைதி எங்குமே இல்லை, எல்லா இடைவெளியிலும் தூறல். அளவுகோலை அந்தப் பதிவுக்குள்ளிருந்தே, தூறல் கேட்கும் ஓர் இடைவெளியிலிருந்து எடுத்தபிறகு சரியாக வெட்டியது. பதிவு நடந்த அதே நேரத்து அமைதிதான் அதற்கு வேண்டும்.

இன்னொரு சிக்கல் தமிழுக்கே உரியது. எவ்வளவு நீளமான மௌனம் வந்தால் வெட்ட வேண்டும் என்றும் ஓபி கேட்கும். அவசரப்பட்டு அதைக் குறைவாக வைத்துவிடாதீர்கள். நம் மொழியில் 'அப்பா', 'பக்கம்', 'வெட்டு' என்று இரட்டித்து வரும் வல்லினத்தில் வாய் மூடி, ஒரு நொடிக்கும் குறைவாக உண்மையிலேயே சத்தம் நின்றுவிடுகிறது. கணினிக்கு அது மௌனம்தான். குறைவாக வைத்தால் 'அப்' ஒரு கட்டம், 'பா' ஒரு கட்டம் என்று துண்டாடிவிடும். கேட்பவர் அடுத்த சொற்றொடருக்குத் தாவினால் 'பா' என்று தொடங்கும். அரை விநாடிக்கு மேல் வைத்துப் பாருங்கள், பிறகு உங்கள் வாசிப்பு வேகத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறையுங்கள். வாசிப்பவரும் வாக்கிய முடிவில் நன்றாக நிறுத்தி வாசிக்கப் பழக வேண்டும். மின்னல் எப்.எம். செய்தி வேகம் வேண்டாம்.

ஒலியைப் பதிந்து திருத்தும் ஆடாசிட்டி போதாதா என்று பலர் கேட்பார்கள். நல்ல மென்பொருள், 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, திறந்த மூலம்தான், லினக்ஸிலும் மேக்கிலும்கூட ஓடும். ஆனால் அதற்கு ஒலி மட்டும்தான் தெரியும், அத்தியாயம் தெரியாது. நான் அதை ஒரே ஒரு வேலைக்கு வைத்திருக்கிறேன், இரைச்சல் குறைக்க. வெறும் அறைச் சத்தம் உள்ள ஓரிரு விநாடியைத் தேர்ந்து காட்டினால் அதே சத்தத்தைப் பதிவு முழுக்கத் தணித்துவிடும். விசிறி, குளிர்பெட்டி ரீங்காரம் போன்ற ஒரே சீரான சத்தத்துக்குத்தான் இது உதவும். தவளைக்கும் ரயிலுக்கும் உதவாது. அதிகம் பிடித்திழுத்தால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். இந்தச் சுத்தம் எல்லாம் ஓபிக்குள் இறக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் உட்கார்ந்து, இரவு ஒன்பதுக்கு மேல் வாசிப்பது.

இடம் எவ்வளவு வேண்டும் என்று முன்பே கணக்குப் பாருங்கள். ஓபி திட்டத்துக்குள் ஒலி சுருக்கப்படாமல் இருக்கும். விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 மெகாபைட், 10 மணி நேர நூலுக்கு மூன்று கிகாபைட்டுக்கு மேல். வெளியே எடுக்கும்போது 64 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் மணிக்கு 29 மெகாபைட் அளவுக்கு இறங்கிவிடும். பேச்சுக்கு அது தாராளம். பெரியவர்களுக்கு டெய்சி 2.02 வடிவத்திலேயே எடுங்கள். எந்தப் பழைய கருவியானாலும் அது ஓடும்.

இப்போது அந்த நான்காம் படிவப் பெண். அவளுக்கு ஓபி நூல் போதாது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வின் தமிழ்மொழித் தாளில் அவள் எழுத வேண்டும். நம் ஊரில் வாசிப்பவர்களில் எத்தனை பேர் வாழை, வாளை, வாலை மூன்றையும் பிரித்துச் சொல்வோம்? நான் ஒழுங்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் 'பழம்' பாதி இடத்தில் 'பளம்' ஆகியிருப்பது தெரிந்தது. பெரியவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை, அவர்களுக்குச் சொல் தெரியும். காதால் மட்டுமே தமிழ் கற்கும் பெண்ணுக்கு எழுத்து எங்கிருந்து வரும்? ஒலியோடு எழுத்தும் இருந்தால், எந்தச் சொல்லிலும் நின்று, திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பானை எழுத்தெழுத்தாகச் சொல்ல வைக்கலாம், பிரெயில் திரை இருந்தால் விரலால் தடவியும் படிக்கலாம். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், அதுவும் திறந்த மூலம்.

டோபி செய்வது இந்த எழுத்தும் குரலும் சேரும் வேலை. முன்பே தயாரித்த உரையை அதற்குள் இறக்க வேண்டும். பத்திகள் திரையில் வரிசையாகத் தெரியும், ஒன்றைத் தேர்ந்து வாசித்தால் அந்தக் குரல் அந்தப் பத்தியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு அடுத்தது. வெளியே இபப் 3 என்ற மின்னூல் வடிவில் எடுத்தால், கேட்கக் கேட்க அந்தந்த வரி ஒளிரும். கொஞ்சம் பார்வை உள்ள பிள்ளைகளுக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கும் இது உதவுவதைப் பார்த்திருக்கிறேன். வேலை ஓபியைவிட இரண்டு மடங்கு. அதனால்தான் எல்லா நூலையும் டோபியில் செய் என்று சொல்லமாட்டேன். பாடநூலுக்கும் இலக்கியத் தேர்வுக்கு வேண்டியவற்றுக்கும் மட்டும் போதும்.

உரை எங்கே கிடைக்கும் என்பதுதான் உண்மையான தலைவலி. பழைய இலக்கியம் என்றால் மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து எடுத்து லிப்ரே ஆபீஸிலோ, மின்னூல் திருத்தும் சிகிலிலோ தலைப்புகளைச் சரி செய்தால் பாதி வேலை முடிந்தது. நம் ஊர் எழுத்தாளர் ஒருவரிடம் கேட்டால் கோப்பு கொடுப்பார், திறந்தால் தமிழ் அழகாகத் தெரியும். ஆனால் திரைவாசிப்பான் ஏதோ ஆங்கில எழுத்துகளாக உளறும். காரணம், ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துரு. முத்து நெடுமாறனின் முரசு என்ற தமிழ் மென்பொருள் 1985இல் இந்த நாட்டில் தொடங்கியதிலிருந்து நாம் நிறையத் தட்டச்சு செய்திருக்கிறோம். ஒருங்குறி பரவும்வரை ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு ஒருங்குறியாக மாற்றிய பிறகுதான் டோபிக்குள் போகலாம். பிடிஎப் கோப்பிலிருந்து நகலெடுத்தால் கொம்பும் ஐகாரமும் இடம் மாறி விழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சுப் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது என்றால் வருடி எடுத்து, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் டெசரக்டிடம் கொடுக்கலாம். திறந்த மூலம், தமிழ் படிக்கும். துணைக்காலை 'ர' என்று படிப்பது அதன் பழைய பழக்கம், 'ர'வைத் துணைக்கால் என்பதும் உண்டு. புது அச்சில் பரவாயில்லை. மங்கலான பழைய அச்சில் திருத்தும் நேரத்துக்குப் புதிதாகத் தட்டச்சே செய்துவிடலாம்.

இயந்திரக் குரல் போதாதா என்று கேட்டீர்கள். உரை கையில் இருந்தால் டெய்சி பைப்லைன் என்ற திறந்த மூல மென்பொருள் அதை இயந்திரக் குரலோடு பேசும் புத்தகமாகவே மாற்றித்தரும். ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் தமிழ்க் குரல் திறந்த மூலம், பழைய கணினியிலும் ஓடும். ஆனால் தகர டப்பாவுக்குள் பேசுவது போலிருக்கும். விண்டோஸில் வள்ளுவர் என்றொரு தமிழ்க் குரல் உண்டு. அது இன்னும் கொஞ்சம் மனிதர் மாதிரி பேசும், மூலநிரல் திறந்ததல்ல. எதுவானாலும் நம் ஊர்ப் பெயர்களில் மாட்டிக்கொள்ளும். தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றுதானே? பந்திங், பாலிங் எல்லாம் அதற்குப் பழம், பானை போலத்தான். அந்தப் பெண்ணின் வரலாற்றுக் குறிப்பு, பள்ளிச் சுற்றறிக்கை, நாளைக்கே வேண்டிய பயிற்சித்தாள் போன்றவற்றுக்கு இயந்திரக் குரலே சரி. அவளைப் போல சின்ன வயதிலிருந்தே திரைவாசிப்பானில் பழகியவர்கள் நாம் பின்தொடர முடியாத வேகத்தில் அதைக் கேட்பார்கள், அவர்களுக்கு அது பிடிக்கவும் செய்யும். ஆனால் எங்கள் கிராணியிடம் ஒரு சிறுகதையை இயந்திரக் குரலில் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் கேட்டார். "யாரு இது, பேங்க்ல பேசுற பிள்ளையா?" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

செய்து முடித்ததும் தோரியம் ரீடரில் போட்டுப் பாருங்கள். பாரிசிலுள்ள ஒரு நிறுவனம் செய்யும் திறந்த மூலப் படிப்பான். இபப்பும் படிக்கும், டெய்சி நூலும் படிக்கும். இபப் என்றால் ஏஸ் என்ற சோதனைக் கருவியிலும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள், விடுபட்ட தலைப்பும் விளக்கமில்லாத படமும் அதில் தெரிந்துவிடும். ஆனால் என் உண்மையான சோதனை வேறு. கேட்பவர் கையில் கருவியைக் கொடுத்து, "ஏழாவது அத்தியாயத்துக்குப் போங்க, அப்புறம் 43ஆம் பக்கம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்ப்பேன். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நம் தலைப்பு அடுக்கு தப்பு.

காப்புரிமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மலேசியாவில் எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. பார்வையற்றோருக்காக நூலை மாற்றித் தருவதற்கு வழிவிடும் மராகேஷ் ஒப்பந்தம் 2013இல் வந்தது, 2022இல் மலேசியாவும் சேர்ந்தது. ஆனால் அந்த வழி இப்பணியைச் செய்யும் அமைப்புகளுக்கானது, கோயில் மண்டபத்து ஐந்து பேருக்கு நேராகப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1951இல் தொடங்கிய, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற ஓர் அமைப்போடு சேர்ந்து செய்யுங்கள். உள்ளூர் எழுத்தாளர் என்றால் ஒரு புலனச் (வாட்ஸ்அப்) செய்தி போதும். நான் கேட்ட யாரும் இதுவரை மறுத்ததில்லை; ஒருவர் தானே வந்து வாசிக்கிறேன் என்றார், அவரை வாசிக்கவிடாமல் சமாளிப்பதுதான் கஷ்டமாகிவிட்டது.

கணினி பழையதானாலும் பரவாயில்லை. காசு இருந்தால் காதுமாட்டியோடு வரும் யுஎஸ்பி மைக் ஒன்று வாங்குங்கள், கணினியிலேயே இருக்கும் மைக்கை நம்ப வேண்டாம். ஓபி திட்டத்தை நகலெடுக்கும்போது முழுக் கோப்புறையையும் எடுங்கள். திட்டக் கோப்பை மட்டும் விரலியில் போட்டுக்கொண்டு போய், அடுத்த வீட்டுக் கணினியில் திறந்து, ஒலி எங்கே என்று தேடியவன் சொல்கிறேன். முதல் நூலாக நாவலைத் தொடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் சிறுகதைகள் நாலைந்து எடுங்கள், ஐந்து பேரும் ஆளுக்கொன்று வாசித்துவிடலாம்.

இன்னொன்று. ஓபி முழுவதையும் விசைப்பலகையாலேயே ஓட்டலாம், திரைவாசிப்பானோடும் ஒத்துப்போகும். எங்கள் கிராணி இப்போது என்விடிஏ வைத்துக்கொண்டு நாங்கள் வாசித்ததைத் திருத்திக் கொடுக்கிறார். பெரட்டில் பேர் விட்டுப்போனால் பிடிப்பவர் அல்லவா, ஒரு வரி விட்டால்கூட விடமாட்டேன் என்கிறார். அந்தப் பெண்ணுக்கும் இந்த வேலையைப் பழக்கிவிட்டால் உங்கள் குழு ஆறு பேர்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள் தங்கச்சி. உங்கள் மண்டபத்தில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள், விசிறியை நிறுத்தி ஒன்று, ஓடவிட்டு ஒன்று. அதைக் கேட்டுவிட்டு ஓபியில் மௌன அளவு எவ்வளவு வைக்கலாம் என்று சொல்கிறேன். முடிந்தால் மழை நாளில் எடுத்த மூன்றாவதும் ஒன்று.